நாய்க்குட்டியும் கோபுரத்தின் கணக்கும்

வேதபகுதி: நீதிமொழிகள் 12:10, 2 சாமுவேல் 12:1-6, லூக்கா 14:28-30



இந்த வாரத் தியானம் உங்களில் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். வீட்டில் வளர்க்கும் நாய்க்கும் பூனைக்கும் மருத்துவர் தேடுவதைப் பற்றியும், அதற்குப் பணம் ஒதுக்குவதைப் பற்றியும் எழுதப் போகிறேன். "இதெல்லாம் போதகர் பேசவேண்டிய காரியமா?" என்று கேட்பீர்கள். ஒருகாலத்தில் நானும் அப்படித்தான் கேட்டேன். கேட்டது உங்களைப் போன்ற ஒரு விசுவாசியிடம். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். எனவே பிரசங்கியாக அல்ல, குற்றத்தை அறிக்கையிடுகிறவனாகவே தொடங்குகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு வார நாள் காலையில், நம் சபையின் மூத்த சகோதரி ஒருவர் குருமனைக்கு வந்தார். அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். கணவரை இழந்தவர். மகன் சென்னையில் வேலை செய்கிறார். ஓட்டு வீட்டில் தனியாக இருக்கும் அவருக்குத் துணை ஒரு நாட்டு நாய். அதன் காதோரத்தில் ஏற்பட்ட காயத்தில் புழு வைத்துவிட்டது. வெளியே வாங்க வேண்டிய மருந்துக்கு ஐந்நூறு ரூபாய் கைமாற்றாகக் கேட்டார்.

நான் சிரித்துக்கொண்டே, "நாய்க்கா அம்மா?" என்றேன்.

அந்த இரண்டு சொற்களுக்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. அவரும் எதுவும் சொல்லவில்லை. "சரிங்க ஐயா, பார்த்துக்கிறேன்" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டார். அன்று மாலைக்குள் நான் அதை மறந்தும் போனேன்.

அதே ஆண்டு மழைக்காலத்தில், கோட்டைச் சாலையிலிருந்து என் மகளின் பின்னாலேயே ஒரு குட்டி நாய் வந்து சேர்ந்தது. ஜிம்மி என்று பெயரிட்டோம். பாலும் சோறும் கொடுத்தோம். கோணிச்சாக்கில் படுக்கை போட்டோம். ஒரு உயிரை வளர்ப்பதற்கு இவ்வளவு போதும் என்று எண்ணியிருந்தோம். ஐந்தாம் வாரத்தில், ஒரு சனிக்கிழமை இரவு, அது உண்ண மறுத்தது. பிறகு வாந்தி. நள்ளிரவுக்குள் இரத்தம் கலந்த கழிச்சல். நாற்றம் வீடெங்கும் பரவிற்று.

மறுநாள் பிரசங்கத்துக்கு நான் ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்த பகுதி லூக்கா 14. கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் போதித்த இடம். குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஊழியம் செய்கிறேன். ஆசிரியர், வழக்கறிஞர், வட்டாட்சியர் அலுவலக ஊழியர் என்று எத்தனையோ பேரின் எண்கள் என் கைபேசியில் உண்டு. ஒரு கால்நடை மருத்துவரின் எண் இல்லை. மருந்துக்கடைக்காரர் ஒருவரை எழுப்பிக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. அறியாமையினால் மனிதருக்கான வயிற்றுப்போக்கு மாத்திரையில் பாதியைக் கொடுத்தேன். அதையும் குட்டி கக்கிவிட்டது.

என் மனைவிதான் அந்த மூத்த சகோதரியை நினைவுபடுத்தினாள். விடியுமுன் அவர் வந்தார். கையில் ஒரு நாட்காட்டி அட்டை. அதன் பின்பக்கத்தில் பென்சிலால் மருத்துவரின் எண்ணும், பார்க்கும் நேரமும், அவர் இல்லாதபோது யாரிடம் போகவேண்டும் என்பதும், நாயை ஏற்றிக்கொள்ளும் ஆட்டோக்காரரின் எண்ணும் எழுதியிருந்தன. நான் கைவிரித்த அன்றே அவர் அரசு கால்நடை மருத்துவமனைக்கு நடந்து போயிருக்கிறார். சிகிச்சை இலவசமாகக் கிடைத்திருக்கிறது. வெளியே வாங்கவேண்டிய மருந்துக்கு முட்டை விற்ற பணத்தைச் செலவிட்டிருக்கிறார். அவருடைய நாய் பிழைத்துவிட்டது.

எங்கள் ஜிம்மி பிழைக்கவில்லை. மருத்துவர் இரண்டு நாள் நரம்பு வழியாக நீர் ஏற்றினார். "பார்வோ" என்றார். பெயரைக் கேட்டதும் எனக்கு யாத்திராகமத்துப் பார்வோன் நினைவுக்கு வந்தான். 1978-ல் உலகில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட வைரஸ் நோய் இது. குடலைத் தாக்கி, உடலின் நீரை வற்றச் செய்து, சில நாட்களிலேயே குட்டிகளைக் கொன்றுவிடும். வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. உடல் தாக்குப்பிடிக்கத் துணைசெய்யலாம், அவ்வளவுதான். ஆனால் வராமல் தடுக்கத் தடுப்பூசி உண்டு. செவ்வாய்க்கிழமை காலையில் ஜிம்மி என் மகளின் மடியில் இறந்தது.

குருமனைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு வந்தபோது மகள் கேட்டாள்: "அப்பா, அந்த ஊசிக்கு எவ்வளவு ஆகியிருக்கும்?"

விசாரித்துச் சொன்னேன். அந்த மாதம் லூக்கா சுவிசேஷத்திற்கு நான் வாங்கிய விளக்கவுரை நூலின் விலையைவிடக் குறைவு. சிகிச்சைக்கும் ஆட்டோவுக்குமாக அந்த மூன்று நாட்களில் நாங்கள் செலவழித்ததோ 5,400 ரூபாய்.

பிரியமானவர்களே, தாவீதிடம் நாத்தான் தீர்க்கதரிசி சொன்ன கதையை நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஓர் ஏழையிடம் ஒரே ஒரு ஆட்டுக்குட்டி இருந்தது. தான் உண்ட கொஞ்சத்திலும் அதற்குப் பங்கு கொடுத்து, பெற்ற மகளைப் போல அவன் அதை வளர்த்தான். தாவீதின் கோபம் மூண்டது அந்த இடத்தில்தான். ஏழைக்கு அந்தக் குட்டி வெறும் சொத்தாக இருக்கவில்லை என்பதைத் தாவீது உடனே உணர்ந்துகொண்டான். இறையியல் கல்லூரியில் எபிரெய மொழியைக் கற்ற நானோ, ஓர் ஏழை விதவை தன் துணையைப் பற்றிப் பேசியபோது அதை உணரவில்லை. பின்னொரு நாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "ராத்திரியில அது குரைக்கிற சத்தம் கேட்டாத்தான் ஐயா எனக்குத் தூக்கம் வரும்" என்று மட்டும் சொன்னார்.

நீதிமான் தன் மிருகத்தின் உயிர்மேல் கரிசனையாயிருப்பான் என்ற கருத்தை நீதிமொழிகள் 12:10 சொல்லுகிறது. கரிசனை என்பது கொஞ்சுவது மட்டுமா? அந்த உயிரின் தேவையை அறிந்து, முன்னரே ஆயத்தமாயிருப்பதும் கரிசனைதானே! யோனா 4:11-ஐ வாசியுங்கள். நினிவேயின்மேல் இரக்கம் வைத்த தேவன், அந்த நகரத்து ஜனங்களோடு அங்கிருந்த மிருகஜீவன்களையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

ஆனால் இரக்கம் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும் என்பதற்குச் சரித்திரத்தில் ஒரு போதகரின் வாழ்க்கை சாட்சியாக இருக்கிறது. ஆர்தர் புரூம் என்பவர் இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவர். 1824 ஜூன் 16 அன்று லண்டனில் ஒரு காப்பி விடுதியில், மிருகங்கள் வதைக்கப்படுவதைத் தடுக்க ஒரு சங்கத்தை அவர் நண்பர்களோடு சேர்ந்து நிறுவினார். அடிமை வாணிபத்தை ஒழிக்கப் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸும் அந்த நண்பர்களில் ஒருவர். சங்கம் நல்ல வேலை செய்தது. ஆனால் வரவை மீறிச் செலவு செய்தது. சங்கத்தின் கடனுக்குப் பொறுப்பேற்றிருந்த புரூம் 1826-ல் கடனாளிகளின் சிறைக்குப் போனார். பிறகு நண்பர்கள் கணக்கைச் சீர்செய்து சங்கத்தைக் காப்பாற்றினர். விலங்கு நலத்துக்கான உலகின் பழமையான சங்கங்களில் ஒன்றாக அது இன்றும் இயங்குகிறது. புரூமின் இருதயத்தில் குறையில்லை. கோபுரத்தின் செலவைத்தான் அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

ஆகவே, என் வீட்டில் காலம் கடந்து கற்றுக்கொண்டவற்றை மூன்று காரியங்களாக உங்களுக்குச் சொல்லுகிறேன்.

முதலாவது, நோய் வருமுன் மருத்துவரைத் தேடுங்கள். ஆடு மாடு வளர்ப்பவர்களிடம் விசாரியுங்கள். அவர்களுக்குத் தெரியாத கால்நடை மருத்துவர் ஊரில் இருக்கமாட்டார். பிராணி நலமாக இருக்கும்போதே ஒரு காலை வேளையில் அரசு கால்நடை மருத்துவமனைக்கோ, உங்கள் கிராமத்துக்கு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ அதை அழைத்துச் சென்று காட்டுங்கள். பார்க்கும் நேரம் எது, ஞாயிற்றுக்கிழமையில் யார் இருப்பார், நாய் பூனைகளுக்கு இங்கே என்னென்ன சிகிச்சை கிடைக்கும், அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் எங்கே அனுப்புவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தனியாரிடம் போவதானால், அவர் கால்நடை மருத்துவப் பட்டம் பெற்று, மாநில கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்தவர்தானா என்று கேட்பதில் தவறில்லை; உண்மையான மருத்துவர் அதற்காக வருந்தமாட்டார். சந்தையில் யாரோ கொடுக்கும் ஊசியை நம்பவேண்டாம்.

நம் ஊரில் முடியாத சிகிச்சைக்கு அடுத்த இடம் எது என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். திண்டிவனம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். விழுப்புரமும் திருவண்ணாமலையும் ஏறத்தாழ 40. பெரிய சிகிச்சைக்குப் புதுச்சேரி குரும்பாப்பட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. அது ஏறத்தாழ 70 கிலோமீட்டர். சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் உண்டு. பேருந்தில் நாயை ஏற்றமாட்டார்கள். ஆகவே வாகனத்துக்கும் ஒருவரைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆடு மாடு வைத்திருப்பவர்கள் 1962 என்ற கட்டணமில்லா எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தியின் எண். இவையெல்லாவற்றையும் கைபேசியில் மட்டும் வைக்காமல், அந்தச் சகோதரியைப் போல நாட்காட்டி அட்டையிலும் எழுதி மாட்டுங்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோது வீட்டிலிருப்பவர்களுக்கு அது உதவும்.

இரண்டாவது, தடுப்பதற்கு முதலிடம் கொடுங்கள். நாய்க்குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரங்களில் பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி தொடங்குகிறது. மூன்று நான்கு வார இடைவெளியில் மறுபடியும் போடவேண்டும். ஒன்று போட்டதோடு கடமை முடிந்தது என்று நின்றுவிடுகிறவர்கள் பலர். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. அதன்பின் மருத்துவர் சொல்லும் காலத்தில் மறு ஊசி. குடற்புழு மருந்து குட்டிப் பருவத்தில் அடிக்கடி தேவைப்படும். வளர்ந்தபின் மூன்று மாதத்திற்கு ஒருமுறை. உண்ணிகளைச் சாதாரணமாக எண்ணாதீர்கள்; அவை பரப்பும் காய்ச்சல் நாயின் இரத்தத்தையே வற்றச் செய்யும். மனிதருக்கான மாத்திரைகளைக் கொடுக்கவே வேண்டாம். காய்ச்சலுக்கு நாம் சாதாரணமாக விழுங்கும் பாரசிட்டமால், பூனையின் உயிரையே வாங்கிவிடும்.

வெறிநோய் ஊசி நாய்க்கு மட்டுமான காரியமன்று. அந்த நோயின் அறிகுறி மனிதரில் தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. உங்கள் வீட்டு வாசலில் விளையாடும் எதிர்வீட்டுக் குழந்தைக்கும் சேர்த்தே அந்த ஊசியைப் போடுகிறீர்கள். 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர் வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்குத் தடுப்பு மருந்தைச் செலுத்தினார். அந்த நாளின் நினைவாக ஒவ்வோர் ஆண்டும் அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசத் தடுப்பூசி முகாம்கள் நடப்பது வழக்கம். அந்த வாரத்தைத் தவறவிடாதீர்கள். யாரையாவது நாய் கடித்தால், மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காமல், சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அளந்து ஒதுக்குங்கள். நம் தாய்மார்கள் பிடியரிசி எடுக்கும் வழக்கத்தை அறிவீர்கள். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துக் காணிக்கைப் பானையில் போடுவார்கள். ஒரு பிடி குறைந்ததால் எந்த வீட்டிலும் பட்டினி வந்ததில்லை; மாதக் கடைசியிலோ பானை நிறைந்திருக்கும். பிராணிக்கான சேமிப்பும் இப்படியே நடக்கட்டும். ஜிம்மிக்குப் பின் ஓராண்டு கழித்து, ஒரு குட்டியை மறுபடியும் ஏற்றுக்கொண்டோம். இம்முறை முதலில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மாதம் 400 ரூபாய் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் விழுகிறது, ஆண்டுக்கு 4,800. சென்ற ஆண்டு தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து எல்லாம் சேர்ந்து 2,300 ரூபாய் ஆயிற்று. மீதம் 2,500-ஐத் தொடுவதில்லை. அது நள்ளிரவுக்கான பணம். உங்களால் மாதம் 100 ரூபாய்தான் முடியுமென்றால் அதுவே போதும். முதல் ஆண்டில் குட்டிக்கான ஊசிகளுக்கும், பிறகு கருத்தடை அறுவை சிகிச்சைக்கும் கூடுதலாக ஆகும். அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கறவை மாட்டுக்குப்போல நாய்க்கும் காப்பீட்டுத் திட்டங்கள் வந்துவிட்டன. சேருமுன் நிபந்தனைகளை முழுவதும் வாசியுங்கள்.

நமது கோட்டைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, கல்யாண மகாலையும் ராஜகிரியின் உச்சியையும் காட்டிவிட்டு இறங்கிவிடுகிறோம். அடுத்த முறை குதிரை லாயங்களின் முன்னாலும், நெற்களஞ்சியத்தின் முன்னாலும், ஆனைக்குளத்தின் கரையிலும் சற்று நில்லுங்கள். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை இந்தக் கோட்டையை வளைத்து நின்றது. அத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்கு மலையும் மதிலும் மட்டும் காரணமல்ல. உள்ளே தானியம் சேமித்திருந்தது, தண்ணீர் தேங்கியிருந்தது, குதிரைக்கும் யானைக்கும் இடம் திட்டமிடப்பட்டிருந்தது. முற்றுகை வந்தபின் களஞ்சியம் கட்டத் தொடங்குகிறவன் ஒருவனுமில்லை. 2025-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட நம் கோட்டை, அதன் அடிவாரத்தில் குடியிருக்கும் நமக்கே கற்பிக்கும் பாடம் இது.

இன்னும் ஒரு வார்த்தை. இதைக் கவனமாய்க் கேளுங்கள். எல்லாவற்றையும் செய்தும் ஒரு நாள் வரலாம். மருத்துவர் ஒரு தொகையைச் சொல்வார். அந்தத் தொகை உங்களிடம் இருக்காது. பிள்ளையின் கல்விக் கட்டணமும் வீட்டு வாடகையும் முன்னால் நிற்கும். அப்போது வட்டிக்கு வாங்கி வீட்டைக் கடனில் ஆழ்த்தாதீர்கள். "என்னால் இவ்வளவுதான் முடியும், இதற்குள் என்ன செய்யலாம்?" என்று மருத்துவரிடம் வெட்கமில்லாமல் கேளுங்கள். குணமாக்க முடியாவிட்டாலும் வலியைக் குறைக்க முடியும். வேதனையில் துடிக்கும் முதிய பிராணியை அமைதியாக விடைபெறச் செய்வதைப் பற்றி அவர் பேசினால், அதையும் பொறுமையாகக் கேளுங்கள். நேசத்தைச் செலவுத் தொகையால் அளக்கிறவர் அல்ல நம் ஆண்டவர். காணிக்கைப் பெட்டியருகே அமர்ந்து ஏழை விதவையின் இரண்டு காசுகளைப் பார்த்தவர் அவர். ஆனால் முடிந்ததைச் செய்யாமல் விட்டதற்கும், முடியாததால் விட்டதற்கும் இடையே பெரிய வித்தியாசம் உண்டு. இரண்டாவதற்கு ஆறுதல் உண்டு. முதலாவது, என்னைப்போல, ஒரு மகளின் கேள்வியாய் நெடுநாள் உள்ளத்தில் கிடக்கும்.

வரும் ஞாயிறு முதல், ஆலயத்தின் பின்வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் இருக்கும். கால்நடை மருத்துவமனையின் நேரம், அவசரத்துக்கான எண்கள், பிராணிகளை ஏற்றிக்கொள்ளும் ஆட்டோக்காரர்களின் எண்கள் அதில் இருக்கும். முதல் வரிகளை எழுதப்போகிறவர் அந்த மூத்த சகோதரியே. உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுங்கள். அவசர மருந்துக்குக் கைமாற்று தேவைப்படுகிறவர்கள் குருமனைக் கதவைத் தட்டலாம். "நாய்க்கா?" என்று இனி இந்த வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஜெபிப்போம்: சகல ஜீவன்களையும் உண்டாக்கின பிதாவே, நாவில்லாத ஜீவன்களை எங்கள் வீடுகளில் எங்களை நம்பி வாழ வைத்திருக்கிறீர். அவற்றின் நோவை உணரும் இருதயத்தையும், முன்னதாகவே ஆயத்தப்படும் புத்தியையும் எங்களுக்குத் தாரும். எளியவரின் பாரத்தைப் பார்த்து நகைத்த எங்கள் பாவத்தை மன்னியும். இரவென்றும் பகலென்றும் பாராமல் அவற்றுக்குச் சிகிச்சை செய்யும் மருத்துவர்களின் கரங்களை ஆசீர்வதியும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீடுகளிலும், உங்கள் வாசலில் காவல் கிடக்கும் ஜீவன்களோடும் இருப்பதாக.

உங்கள் போதகர்,
செஞ்சி